இடுப்பு அறுவை சிகிச்சைக்கான கிருமிநீக்கிய பொதிகளை அரசு மருத்துவமனைகளிலேயே இருப்பில் வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓய்வுபெற்ற கைத்தறி நெசவாளர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் உள்ளன)

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், வேலூர்.

பொருள்: இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சைக்குத் தேவையான கிருமிநீக்கிய துணிப் பொதிகளும் துணைப் பொருட்களும் இல்லாமல் அறுவை சிகிச்சை தள்ளிப்போவதையும், அவற்றை வெளிக்கடையில் வாங்கிவரச் சொல்வதையும் நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் நாற்பத்திரண்டு ஆண்டுகள் குழித்தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்தவன். எனக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தே கை காய்த்துப்போனவள் என் மனைவி, வயது அறுபத்தெட்டு. சென்ற மழைக்காலத்தில் பின்கட்டுப் படியில் பாசி வழுக்கி விழுந்தாள். மாவட்டத்தின் அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தோம். தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது, எலும்புப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்த வேண்டும், இரண்டு நாளில் செய்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னார். செய்தது பதினோராவது நாள். இடையில் போன அந்த ஒன்பது நாட்களைப் பற்றியதுதான் இந்த மனு.

மருத்துவர் மீது எனக்குக் குறை இல்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒப்புதல் வந்து, உலோகப் பந்து மூன்றாம் நாளே வந்து சேர்ந்துவிட்டது. வராதது துணி. நான் நெசவாளி என்பதால் இதை எழுதும்போதே கை கூசுகிறது.

நான்காம் நாள் காலை அவளுக்கு ஆகாரம் கொடுக்காமல் வைத்திருந்து, தள்ளுவண்டியில் ஏற்றி ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கொண்டுபோனார்கள். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து செவிலியர் ஒருவர் பச்சைத் துணிப் பொதி ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். பொதியின் அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்; கை நனைந்திருந்தது. துணி அடிப்பக்கம் கரும்பச்சையாக ஊறியிருந்தது. பொதியைச் சுற்றி ஒட்டியிருந்த நாடாவில் கோடுகள் கறுத்திருந்ததை நானும் பார்த்தேன். கோடு வந்துவிட்டதே என்று உடன் நின்ற இளம் மருத்துவர் கேட்டார். "கோடு ஆவி பட்டதைத்தான் சொல்லும். ஈரமாக வந்த பொதியை நான் திறக்க மாட்டேன்" என்றார் அந்த அம்மா. அன்றைக்கு வந்த மூன்று பொதிகளும் ஈரம். துணியை ஆவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தில் ஆவியை வெளியே இழுத்து உலர்த்தும் பம்பு பழுது என்றார்கள். பழுது பார்ப்பவர் சென்னையிலிருந்து வரவேண்டுமாம். பட்டினியோடு போனவள் பட்டினியோடு வார்டுக்குத் திரும்பினாள்.

அந்த அம்மா செய்தது சரி என்று எனக்கு விளக்கியவள் என் பேத்தி. செவிலியர் படிப்பு படிக்கிறாள். 121 டிகிரி ஆவியில் வெந்து வந்த பொதியாக இருந்தாலும், ஈரம் மிச்சமிருந்தால் அந்த ஈரத்தையே வழியாக்கிக்கொண்டு வெளிக்கிருமி நூலிழையில் ஊறி உள்ளே போய்விடுமாம். இது எனக்குப் பேத்தி சொல்லித் தெரியவேண்டியதில்லை. நனைந்த பருத்தி நூலின் ஒரு முனையைச் சாயத்தில் வைத்தால் மறுமுனைவரை ஏறும் என்பது சாயப்பட்டறைச் சிறுவனுக்கும் தெரியும்.

ஏழாம் நாள் எங்கள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். இடுப்பு அறுவைக்கான ஒருமுறைப் பயன்பாட்டு விரிப்புப் பொதி ஒன்று, மேலங்கி நான்கு, கையுறை ஆறு ஜோடி, தோலின் மேல் ஒட்டும் அயோடின் படலம் ஒன்று, இரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் குழாய் ஒன்று, இரத்தக் கசிவைச் சுட்டு அடைக்கும் காட்டரி பென்சில் ஒன்று. மருத்துவமனைக்கு எதிரே உள்ள கடையில் ரூ.6,840 ஆயிற்று. விரிப்புப் பொதி வெயில் படும் கண்ணாடி அலமாரியிலிருந்து வந்தது. அதை என் மஞ்சள் பையில், வெற்றிலைப் பொட்டலத்துக்கும் குடைக்கும் நடுவில் வைத்து, தூறலில் நனையாமல் வேட்டி முனையால் மூடிக்கொண்டு சாலையைக் கடந்தேன். என் மனைவியின் எலும்பைத் திறந்து வைத்து அதன்மேல் விரிக்கப்போகிற துணி அது. அயோடின் படலத்தின் உறை ஓரம் பிரிந்திருக்கிறது என்று தியேட்டரில் திருப்பி அனுப்பினார்கள். கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். மறுபடி வாங்கிக் கொடுத்தும் உடனே நடக்கவில்லை. எங்களுக்குக் குறித்திருந்த நேரத்தை அவசர நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டதால் மேலும் நான்கு நாட்கள் போயின.

பக்கத்துப் படுக்கையில் பீஞ்சமந்தைப் பக்கத்து மலைக்காரர். அவருக்கும் இடுப்புதான். அவர் மகன் சீட்டை வாங்கிப் படிக்கத் தெரியாமல் என்னிடம் காட்டினான். தொகையைச் சொன்னதும் ஒன்றும் பேசாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டை விற்கப் போனான். மூன்று நாள் கழித்துத்தான் வந்தான். அதுவரை கிழவருக்குக் காலில் பட்டை சுற்றி, கட்டில் முனையில் கப்பி போட்டு, தறியில் பாவு நூலைத் தளராமல் இழுத்துக் கட்டுவதுபோல் எடை தொங்கவிட்டிருந்தார்கள். என் மனைவிக்கும் அப்படித்தான். இடுப்பு முறிந்த வயதானவரைப் படுக்கையில் நாள்கணக்கில் கிடத்தினால் படுக்கைப்புண், நுரையீரலில் சளி, காலில் இரத்த உறைவு என்று ஒவ்வொன்றாக வரும் என்பதால்தான் சீக்கிரம் அறுவை செய்யச் சொல்கிறார்கள். என் மனைவிக்கு முதுகடியில் புண் வந்தது. அறுவை முடிந்து வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தோம்.

இடுப்பு மூட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை கண்டிப்பு என்று பேத்தியிடம் கேட்டேன். உள்ளே உலோகம் வைப்பதால், ஒட்டிக்கொள்ளும் கிருமி அதன்மேல் படலம் கட்டி மருந்துக்கு எட்டாமல் உட்கார்ந்துகொள்ளுமாம். மாதங்கள் கழித்துச் சீழ் பிடித்து, வைத்த பந்தையே கழற்றி எடுக்க வேண்டி வரும். 1962-இல் இங்கிலாந்தில் இன்றைய முறை இடுப்பு மாற்று சிகிச்சைக்கு வழிவகுத்த ஜான் சார்ன்லி என்ற மருத்துவரே தொடக்கத்தில் இதனால் திண்டாடியிருக்கிறார். நூற்றுக்கு ஏழு பேர்வரை கிருமித் தொற்று வந்ததாம். தியேட்டரின் காற்றையும், மருத்துவர் அணியும் உடையையும், கருவி வைக்கும் முறையையும் மாற்றி மாற்றித்தான் அதை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார்.

துணியைப் பற்றி நான் சொல்ல உரிமை உண்டு என்பதால் ஒன்று சொல்கிறேன். அன்று வார்டு வராந்தாவில் சலவையிலிருந்து வந்த தியேட்டர் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பலமுறை வெந்து இழை மெலிந்து, ஊடை விலகி, நடுவில் விரல் அகலத்துக்கு மறுபக்கம் தெரிந்தது. இரண்டு இடங்களில் ஒட்டுப்போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் இப்படி ஒரு துணியைக் கொடுத்தால் தரம் பார்ப்பவர் முகத்திலேயே வீசுவார். விரிப்புகளுக்கான ஆர்டரைக் குடியாத்தம் தறிகளுக்குக் கொடுங்கள் என்று கேட்கத்தான் எனக்கு ஆசை. கேட்டால் எங்கள் ஆட்களுக்குச் சோறு கிடைக்கும். ஆனால் நெசவாளி வாயாலேயே சொல்கிறேன், இரத்தமும் நீரும் கொட்டும் இடுப்பு அறுவையில் நோயாளியின் மேல் விரிக்கச் சாதாரணப் பருத்தி ஆகாது. எவ்வளவு நெருக்கி நெய்தாலும் நனைந்தால் விட்டுவிடும். அதற்கு நீர் புகாத விரிப்புதான் வேண்டும். கருவிகளைச் சுற்றிக் கட்டும் துணிக்கு வேண்டுமானால் எங்களை நினையுங்கள்.

ஐயா, புதிதாக எதையும் ஏற்படுத்தச் சொல்லி நான் வரவில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் உபகரணமும் மொத்தமாக வாங்கித் தர 1994-இலேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. மாவட்டக் கிடங்குகளும் இருக்கின்றன. அங்கே இல்லாத பொருளை மருத்துவமனை நிர்வாகமே உள்ளூரில் வாங்கிக்கொள்ளவும் வழி இருக்கிறது. காப்பீட்டில் ஒப்புதல் வந்த நோயாளி கைக்காசு போடத் தேவையில்லை என்பதுதான் அந்தத் திட்டமே. அப்படியிருக்க, உள்ளூர்க் கொள்முதலைச் செய்தவன் நானும் ஆடு விற்றவனும். நாட்டின் வடகிழக்கு மூலையிலிருந்தெல்லாம் ரயிலேறி வைத்தியத்துக்கென்று வேலூருக்கு வருகிறார்கள். காட்பாடி நிலையத்தில் தினமும் பார்க்கிறோம். அதே மாவட்டத்து மலைக்காரர் துணிக்காகக் காத்துக் கிடந்தார்.

ஆகவே, இடுப்பு அறுவை நடக்கும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் அதற்குரிய முழுப் பொதி எந்த நேரமும் சில எண்ணிக்கையாவது இருப்பில் இருக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். இருப்பு தீர்ந்தால் சீட்டு நோயாளியின் உறவினர் கைக்கு வராமல் மருத்துவமனைக் கணக்கிலேயே வாங்கப்பட வேண்டும். ஆட்டோகிளேவ் பழுதானால் அதே நாளில் அருகிலுள்ள வேறோர் அரசு மருத்துவமனையில் பொதிகளைக் கிருமிநீக்கி எடுத்துவர வண்டியும் ஆளும் முன்கூட்டியே ஏற்பாடாகியிருக்க வேண்டும். வெளிச்சத்தில் மறுபக்கம் தெரியும் விரிப்புகளைக் கழித்துவிட வேண்டும்; அதற்குக் குழு எதுவும் வேண்டாம், ஒரு ஜன்னல் போதும்.

நான் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. மருத்துவமனையின் பெயரை மனுவில் எழுதவில்லை. இணைப்பில் உள்ள வீடு திரும்பும் சீட்டில் இருக்கிறது, தாங்கள் பார்த்துக்கொள்ளலாம். விசாரணை என்று வந்தால் ஈரப் பொதியைத் திறக்க மறுத்த அந்தச் செவிலியர் மீது எந்தப் பழியும் விழாமல் பார்த்துக்கொள்ளும்படி தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அவர் அன்றைக்குத் திறந்திருந்தால் நான் இன்று வேறு மனுவோடு வந்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: வீடு திரும்பும் சீட்டு நகல், வெளிக்கடை ரசீது நகல் இரண்டு, வாங்கிவரச் சொல்லிக் கொடுத்த சீட்டு (அசல்).