நெவ் சப்பலில் ஒரு மணி நேரம் கொடுங்கள்

பாரிஸிலிருந்து பெல்ஜியத்துக்கு ஒருநாள் பஸ் விடும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். வழியில் வட பிரான்ஸின் நெவ் சப்பல் கிராமத்துக்கு அருகே, முதல் உலகப் போரில் இறந்த இந்திய வீரர்களுக்கான நினைவிடத்தையும் நிரலில் சேர்த்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. போன சனிக்கிழமை அதை நம்பித்தான் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை அழைத்து வந்தேன். அவருக்கு 76 வயது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்தவர்.

“பத்து நிமிஷம், போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க” என்றார் உங்கள் வழிகாட்டி. வரும் வழியில் உருளைக்கிழங்கு ஏற்றிய டிராக்டரின் பின்னால் ஊர்ந்த நேரமே அதைவிட அதிகம்.

பதினைந்து மீட்டர்த் தூண், தாமரைத் தலை, காவலுக்கு இரண்டு புலிகள். இதையெல்லாம் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், சரி. ஆனால் அந்த வட்டச் சுவரில் 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. ஒரு பெயருக்கு ஒரு விநாடி என்றாலும் ஒன்றேகால் மணி நேரம் தாண்டும். கல்லறை இல்லாதவர்களுக்கு அந்தப் பெயர்தான் எல்லாம். அப்பா கார்வால் ரைஃபிள்ஸ் ரெஜிமென்ட்டின் பெயர்கள் உள்ள பகுதிக்குப் போய், 1915 மார்ச் 10 அன்று இந்த ஊரைப் பிடித்த சண்டையில் இறந்து, பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற கப்பர் சிங் நேகியின் பெயரைத் தேடினார். விரலை வரிமேல் வைத்து, உதடு அசைய, ஒவ்வொன்றாகப் படித்தார். இடையில் திரும்பி வயலைப் பார்த்து, “தோண்டினா தண்ணி வர்ற மண்ணு. பதுங்குகுழிக்குப் பதிலா மண்சுவர் கட்டித்தான் உக்காந்திருப்பாங்க” என்றார். அப்புறம் வருகைப் பதிவேட்டைத் திறந்து, ‘ஹவில்தார்’ என்று எழுதி இனிஷியல் போட்டார். அதற்குள் ஹாரன் அடித்துவிட்டது. இரண்டாவது ஹாரனில் பேனாவை மூடிவிட்டார். பட்டாளத்துக்காரர், நேரம் தவறமாட்டார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அங்கே ஒரு மணி நேரம் கொடுங்கள்.

பிரஸ்ஸல்ஸில் சாக்லேட் கடையில் மட்டும் ஒன்றரை மணி நேரம் நின்றோம். கமிஷன் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சாக்லேட்டுக்கு அவ்வளவு பொறுமையாக விளக்கம் சொன்னவர், நினைவிடத்தில் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. எதிர்ச்சாரியில் போர்த்துகீசிய வீரர்களின் கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அவை யாருடையவை என்று பின் சீட்டுப் பையன் கேட்டதற்கும் பதில் இல்லை. நமக்குச் சப்பல் என்றால் பாரிஸின் லா சப்பல்தான் போலிருக்கிறது, தோசையும் மல்லிகைப் பூவும் கிடைக்கிற இடம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. சாக்லேட் கடையில் அரை மணியைக் குறைத்தாலே பாதிக்கு மேல் தேறிவிடும். மீதிக்குக் காலையில் சற்று முன்னதாகக் கிளம்பலாம். தயவுசெய்து அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள்.

அப்பா அடுத்த மாதம் 20ஆம் தேதி ஊருக்குத் திரும்புகிறார். அதற்குள் அந்தப் பக்கம் பஸ் இருந்தால் சொல்லுங்கள், இரண்டு சீட் போதும். அவர் பெயரை எழுதி முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பஸ்ஸில் வந்த ஒரு மகள்