கடைசிச் சுற்றுக்கு அனுப்பாத பயிற்சியாளர்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் உழைக்கும் மாவட்டம் எங்களுடையது. அதனால்தான் குத்துச்சண்டை வீரர் கோஸ்ட்யா சூவின் கதை எனக்கு நெருக்கமாகப் படுகிறது. ரஷ்யாவின் செரோவ் நகரில் 1969-ல் பிறந்தவர். 1991-ல் சிட்னியில் உலக அமெச்சூர் பட்டம் வென்றார். அப்புறம் ஆஸ்திரேலியாவிலேயே குடியேறி, தொழில்முறை வீரரானார். 2001-ல் லாஸ் வேகாஸில் ஸாப் ஜூடாவை இரண்டாவது சுற்றிலேயே சாய்த்து, தன் எடைப்பிரிவின் மூன்று உலகப் பட்டங்களை ஒருசேர வைத்திருக்கும் வீரரானார்.

என்னை உருக்கியது 2005 மான்செஸ்டர் தோல்விதான். ரிக்கி ஹாட்டனுடன் 11 சுற்றுகள் முடிந்திருந்தன. இன்னும் ஒரே சுற்று. சூவின் பயிற்சியாளர் ஜானி லூயிஸ் அவரை எழவிடவில்லை, சண்டையை நிறுத்திவிட்டார். பட்டம் போனால் போகட்டும், பிள்ளை முக்கியம் என்று நினைக்கிற மனசு அது. வேறு நாட்டிலிருந்து வந்தவருக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தது பெரிய கொடுப்பினை.

குளச்சல் மணலில் சாயங்காலம் பையன்கள் கையுறை மாட்டிக் குத்திப் பழகுகிறார்கள். தலைக்கவசம் கிடையாது, போதும் என்று நிறுத்தச் சொல்லவும் யாரும் இல்லை. வாரம் இரண்டு நாளாவது கடலோர ஊர்களுக்கு ஒரு பயிற்சியாளரை அனுப்புமாறு விளையாட்டுத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், குளச்சல்