அம்மம்மாவின் முறைப்பாடு எங்கே நின்றது? லண்டன் தமிழ்க் கவுன்சிலர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கவுன்சிலர்களுக்கு,

வணக்கம். கோயில் தேரிலும் தமிழ்ப் பள்ளிக் கலைவிழாவிலும் உங்களைக் காண்கிறோம். பொன்னாடை போர்த்துகிறோம், நின்று படம் எடுக்கிறோம். இந்த மடல் பொன்னாடைக்கானது அல்ல. நீங்கள் அமர்ந்திருக்கும் கவுன்சிலின் சிறுவர் சேவைப் பிரிவைப் பற்றி எங்கள் சனம் முறையிட்டால் அந்த முறைப்பாட்டுக்கு என்ன நடக்கிறது என்று கேட்பதற்காக எழுதுகிறேன்.

நான் சட்டத்தரணி இல்லை. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்குக் கடிதம் வாசித்துச் சொல்பவன், படிவம் நிரப்பிக் கொடுப்பவன். அப்படித்தான் அந்த அம்மம்மாவைத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு சோஷல் வேர்க்கர் அவருடைய பேரப்பிள்ளைகள் இருவரைக் காரில் கொண்டுவந்து வீட்டில் விட்டார். கையில் ஒரு பள்ளிப் பை, மாற்றுடுப்பு ஒரு சோடி. திங்கட்கிழமை பேசலாம் என்றார். மாதங்கள் போயின. கட்டில் வாங்க, பள்ளிக்கு பஸ் பிடிக்க, குளிர் சட்டை வாங்க எல்லாம் ஓய்வூதியக் காசு. உதவி கேட்டதற்கு வந்த பதில், இது “குடும்ப ஏற்பாடு”, கவுன்சிலுக்குப் பொறுப்பில்லை என்பது.

“நடுச்சாமத்தில கொண்டுவந்து விட்டிட்டு, இப்ப நான் கேட்டு வாங்கினதாம் தம்பி” என்றார்.

சட்டம் அவர் பக்கம் இருக்க நிறைய இடமுண்டு. பிள்ளையை உறவினர் வீட்டில் விடும் ஏற்பாட்டில் கவுன்சிலே முக்கிய பங்கெடுத்திருந்தால், அதைப் பிறகு தனிப்பட்ட ஏற்பாடு என்று சொல்லித் தப்ப முடியாது என்ற வழியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2007இலேயே லண்டனின் சதர்க் கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. காசுப் பொறுப்பு யாருடையது என்று பிள்ளையை ஏற்கிறவருக்குத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த விவாதத்துக்குள் போவதற்கே முறைப்பாடு ஒன்று பதிவாக வேண்டுமே. அம்மம்மா மூன்று தரம் போன் எடுத்தார். மூன்று தரமும் “கவலையைக் குறித்துக்கொண்டோம்” என்று முடிந்தது. பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதில் முறைப்பாடு என்ற சொல்லே இல்லை.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் சிறுவர் சேவை பற்றிய முறைப்பாடு, குப்பை எடுக்கவில்லை, றோட்டில் குழி என்ற முறைப்பாடுகளோடு சேர்ந்தது அல்ல. 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 26ஆம் பிரிவும் 2006இல் வந்த ஒழுங்குவிதிகளும் அதற்குத் தனியாக மூன்று கட்டங்களை வைத்திருக்கின்றன. வாயால் சொன்னாலும் அது முறைப்பாடுதான். முதற்கட்டத்தில் 10 வேலைநாளுக்குள் பதில் வர வேண்டும், சிக்கலான விஷயம் என்றால் 20. பதில் வராவிட்டாலோ வந்தது திருப்தியில்லை என்றாலோ இரண்டாம் கட்டத்தைக் கேட்கலாம். அங்கே விசாரணை அதிகாரி ஒருவரும், அவரோடு சுயாதீனமான ஒருவரும் விசாரிப்பார்கள். அந்தச் சுயாதீன ஆள் கவுன்சிலின் ஊழியராக இருக்கக்கூடாது, கவுன்சிலராகவும் இருக்கக்கூடாது. அதாவது உங்களையே நம்பாமல் சட்டம் அதை எழுதியிருக்கிறது, கோபிக்காதீர்கள். 25 வேலைநாள், இழுத்தால் 65. அதற்குப் பிறகு மூன்று பேர் கொண்ட மீளாய்வுக் குழு, அதற்கும் மேலே, கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன்.

எல்லாமே இந்த வழிக்குள் வராது. பிள்ளைக்கு ஆபத்து என்ற சந்தேகத்தில் அதே சிறுவர் சட்டத்தின் 47ஆம் பிரிவின் கீழ் நடக்கும் விசாரணை பற்றியது பொதுவாகக் கவுன்சிலின் சாதாரண முறைப்பாட்டு வழியில் போகும். நீதிமன்றம் தீர்த்ததை எந்த முறைப்பாடும் மாற்றாது. ஓராண்டு தாண்டினால் ஏற்க மறுக்கவும் இடமுண்டு. இதெல்லாம் நியாயமே. ஆனால் அம்மம்மாவின் முறைப்பாடு வழிக்கு நடுவிலேதான் இருந்தது. அவரை ஓரத்துக்குத் தள்ள எந்தக் காரணமும் இல்லை.

ஏன் தள்ளுகிறார்கள் என்று எனக்கு ஓரளவு விளங்குகிறது. இரண்டாம் கட்டத்துக்கு வெளியிலிருந்து ஆட்களைக் காசு கொடுத்துப் பிடிக்க வேண்டும். கவுன்சில்களிடம் காசில்லை. அதனால் “முதலில் மனேஜரோடு இருந்து பேசிப் பாருங்கள்” என்கிறார்கள். பேசுவது நல்லதுதான். ஆனால் கேட்டவர் கேட்ட பிறகு இரண்டாம் கட்டத்தை மறுக்கும் உரிமை கவுன்சிலுக்கு இல்லை என்பதை ஒம்புட்ஸ்மன் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டார். 2015இல் சிறுவர் சேவை முறைப்பாடுகளுக்கென்றே தனி அறிக்கையும் வெளியிட்டார். அவருடைய முடிவுகள் பெயர் நீக்கி இணையத்தில் கிடக்கின்றன. ஒரு மாலை தேநீரோடு இருந்து உங்கள் கவுன்சிலின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

எங்கள் வீடுகளில் இன்னொரு பூட்டும் உண்டு. வாய் திறந்தால் “பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம்” என்ற பயம். அந்தப் பயத்தையும் தாண்டி ஒருவர் போன் எடுக்கிறார் என்றால், எடுப்பதற்கு முன் எத்தனை இரவு யோசித்திருப்பார்?

இனி நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அந்த மின்னஞ்சலை அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்துப் பெரிய பேரன் அம்மம்மாவுக்கு வாசித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது. ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. இடையில் ஒரு இடத்தில் நின்றான். பிறகு தொடர்ந்தான். அவன் போன பின் தாளை வாங்கி வாசித்தேன். விட்ட வரி இதுதான்: அம்மம்மாவால் தொடர்ந்து பார்க்க இயலாவிட்டால் பிள்ளைகளுக்கு வேறு இடம் பார்ப்பது பற்றி யோசிக்கலாம். தன்னைப் பற்றிய அந்த வரியை அவன் அம்மம்மாவிடமிருந்து ஒளித்துவிட்டான்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்திருந்தால் அந்தப் பிள்ளையின் தலையில் இது விழுந்திருக்காது. இன்னொன்று, அவனே முறையிடலாம். இப்படியான முறைப்பாட்டை முதலில் பிள்ளைகளுக்காகத்தான் சட்டம் வைத்திருக்கிறது, முறையிடும் பிள்ளைக்குத் துணைக்குப் பேச ஒருவரைக் கவுன்சிலே ஒழுங்கு செய்ய வேண்டும். அவனுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. நான்கூட அப்போது சொல்லவில்லை, எனக்கே பிறகுதான் தெரியும்.

கடைசியில் ஒரு துண்டில், இரண்டாம் கட்டம் வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல, “ஸ்டேஜ் டூ, பிளீஸ்” என்று தமிழ் எழுத்தில் எழுதி அம்மம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டேன். நான்காவது போனில் அவர் வேறெதுவும் பேசவில்லை, அதை மட்டும் சொன்னாராம். அடுத்த கிழமை பதிவு எண்ணோடு கடிதம் வந்தது.

உங்களிடம் கேட்பது பெரிதில்லை. சிறுவர் சேவை முறைப்பாடுகள் பற்றி ஒவ்வொரு கவுன்சிலும் ஆண்டுதோறும் அறிக்கை தயாரிக்க வேண்டும் என்பது அதே 2006 விதிகளில் உண்டு. உங்கள் கவுன்சிலின் கடைசி அறிக்கையை எடுத்துக்கொண்டு, சிறுவர் சேவையை மேற்பார்வை செய்யும் குழுவில் கையை உயர்த்துங்கள். இரண்டாம் கட்டம் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எத்தனை நாளில் முடிந்தது? ஆங்கிலம் பேசாத எத்தனை பேரின் தொலைபேசி அழைப்பு முறைப்பாடாகப் பதிவானது? நான்காவது கேள்விக்குத் “தகவல் இல்லை” என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன். வந்தால் அதையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

குறிப்பின் ஒரு பிரதியைத் தமிழ்ப் பள்ளி முகவரிக்கு அனுப்பிவையுங்கள். சனிக்கிழமைகளில் அங்கேதான் நிற்பேன்.

இப்படிக்கு,
பள்ளி வாசலில் கடிதம் வாசிப்பவன்