முறைப்பாட்டுக் கடிதம்: நீரழுத்தத்தைக் கேட்காமல் விற்கப்பட்ட டிஸ்பென்சர் குளிர்சாதனப் பெட்டி

கல்லடி,
மட்டக்களப்பு.

பொது முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

தங்கள் நிறுவனத்தின் மட்டக்களப்புக் காட்சியறையில் நான் கொள்வனவு செய்த, இரு கதவுகளும் பக்கம் பக்கமாக அமைந்த குளிர்சாதனப் பெட்டியின் தண்ணீர் டிஸ்பென்சர், எங்கள் வீட்டில் பொருத்தப்பட்டதிலிருந்து ஒழுங்காக இயங்கவில்லை. இது இயந்திரக் கோளாறு அல்லவென்றும், வீட்டின் நீரழுத்தம் போதாமையே காரணமென்றும், ஆகையால் உத்தரவாதத்தின் கீழ் எதுவும் செய்ய இயலாதென்றும் தங்கள் சேவைப் பிரிவு எனக்கு எழுத்தில் அறிவித்துள்ளது. இவற்றுள் முதல் இரண்டையும் நான் மறுக்கவில்லை. மூன்றாவதை ஏற்க மாட்டேன். இந்தப் பெட்டி இயங்குவதற்கு நீரழுத்தம் ஒரு நிபந்தனை என்றால், அதனை விற்பதற்கு முன் கேட்டறிந்திருக்க வேண்டியது தங்கள் காட்சியறையின் கடமை என்பதே இக்கடிதத்தின் சாரம்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் டிஸ்பென்சர் தேவைப்பட்டதற்குக் காரணம் ஆடம்பரம் அல்ல. என் மாமிக்கு முழங்கால் வருத்தம். குனிந்து போத்தல் எடுக்க இயலாது. பிள்ளைகளோ வெயில் காலத்தில் கால்மணிக்கொரு தரம் கதவைத் திறந்து, உள்ளிருக்கும் குளிரையெல்லாம் சமையலறைக்குள் விட்டுவிடுவார்கள். கதவைத் திறக்காமலே ஒரு கோப்பை குளிர்ந்த நீர் எடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தேவை. இதனை விற்பனை உத்தியோகத்தரிடம் இதே சொற்களில் கூறினேன். அந்தத் தம்பி மரியாதையாகவே பேசினார். சமையலறையின் அகலத்தைக் கேட்டார், நிறத்தைக் கேட்டார், தவணையா காசா என்று கேட்டார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்கவில்லை. வீட்டில் கிணறும் உண்டு, குழாய்நீரும் உண்டு, இரண்டையும் ஒரே தாங்கிக்கு ஏற்றிப் புழங்குகிறோம், குடிப்பதற்குக் கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்கிறோம் என்று பேச்சுவாக்கில் நானாகவே சொன்னபோது, "உள்ளுக்கே பில்டர் இருக்கு அக்கா, இனிக் கொதிக்க வைக்கத் தேவையில்ல" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பின்னர் மீண்டும் எழுதுகிறேன், ஏனெனில் அது தண்ணீர் சொட்டுவதைவிடப் பாரதூரமானது.

அப்போது காட்சியறையில் டிஸ்பென்சர் கொண்ட பெட்டிகள் மூன்று வகையில் நின்றன. ஒன்று, உறைபெட்டி மேலே உள்ள, கீழ்க்கதவின் உட்புறத்தில் சில லீற்றர் கொள்ளும் சிறு நீர்க்கலத்தைக் கொண்ட வகை. அதற்குக் குழாய் வேண்டாம். நாமே நீரை ஊற்ற வேண்டும், கதவிலுள்ள நெம்பைக் கோப்பையால் அழுத்தினால் நீர் தன் பாரத்தால் இறங்கும். மற்றொன்று, மேலே இரு கதவுகளும் கீழே இழுப்பறையாக உறைபெட்டியும் கொண்டது. அதன் விலையையும் மாமி குனிய வேண்டியிருப்பதையும் பார்த்து அதை நாங்களே விட்டுவிட்டோம். மூன்றாவது, நான் வாங்கிய பக்கம்பக்கமான வகை. இதன் டிஸ்பென்சர் உறைபெட்டிக் கதவில் உள்ளது. பின்புறக் குழாயில் வரும் நீர் மின்வால்வைத் தாண்டி, வடிகட்டியினூடாகச் சென்று, குளிர்ப் பகுதியிலுள்ள கலத்தில் குளிர்ந்து, கதவின் பிணைச்சலுக்குள்ளால் போகும் மெல்லிய குழாய் வழியே வெளியே வருகிறது. ஐஸ் கட்டியும் அதே வாயிலால் விழும். வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு முதலாவதும் மூன்றாவதும் ஒரே வேலையைச் செய்வனவாகவே தோன்றும். ஒன்று குழாயை நம்பியது, மற்றது குடத்தை நம்பியது என்ற வேறுபாட்டை விலைச்சீட்டில் ஓரிடத்திலும் காணவில்லை, உத்தியோகத்தரும் சொல்லவில்லை. "அக்காட வீட்டுக்கு இதுதான் எடுப்பு" என்று மூன்றாவதைக் காட்டினார். விலை கூடியதும் அதுதான்.

இனி அழுத்தத்துக்கு வருகிறேன். பெட்டியுடன் வந்த ஆங்கிலக் கைநூலில் குறைந்தபட்ச நீரழுத்தம் 20 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தல்), அதாவது பார் எனும் அழுத்த அலகில் ஏறத்தாழ 1.4, எனக் குறிக்கப்பட்டுள்ளது. தமிழிலோ சிங்களத்திலோ கைநூல் வழங்கப்படவில்லை. எங்கள் தாங்கி, இவ்வூரின் பெரும்பாலான வீடுகளைப் போலவே, சமையலறைக் குழாயிலிருந்து ஏறக்குறைய 15 அடி உயரத்தில் கொங்கிறீற்றுத் தூண்களின் மேல் உள்ளது. நீர்மட்டம் ஒரு மீற்றர் உயர்ந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.1 பார் என்பது பள்ளிக்கூட விஞ்ஞானம். அக்கணக்கின்படி எங்கள் குழாயில் அரைப் பார் கூட இல்லை. தங்கள் தொழில்நுட்பவியலாளர் அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோதும் அவ்வாறே காட்டியது. கைநூல் கேட்கும் அழுத்தம் வேண்டுமென்றால் தாங்கியை 45 அடிக்கும் மேலே, நான்கு மாடிக் கட்டடத்தின் கூரையில் வைப்பதுபோல் வைக்க வேண்டும். தொழில்நுட்பவியலாளர் "டாங்கிய இன்னும் கொஞ்சம் உயத்தினாச் சரிவரும் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் "கொஞ்சம்" என்பது இப்போதுள்ள உயரத்தின் மும்மடங்கு என்பதை அவரும் கணக்கிட்டிருக்க மாட்டார்.

அழுத்தம் குறைவதன் விளைவு நீர் மெதுவாக வருவது மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பின்புறத்திலுள்ள அந்த வால்வு மின்சாரத்தால் திறந்து, குழாயிலுள்ள நீரின் அழுத்தத்தைத் துணைகொண்டே இறுக மூடுகிறது. அழுத்தம் போதாவிட்டால் அது முழுவதும் மூடாது. எங்கள் வீட்டில் நடப்பதும் அதுவே. நெம்பை அழுத்தினால் நூல்போல ஒரு தாரை வருகிறது. கோப்பை நிரம்புமுன் மாமிக்குக் கை வலித்துவிடுகிறது. கையை எடுத்த பின்பும் வாயிலிலிருந்து துளிகள் விழுந்துகொண்டேயிருக்கின்றன. கீழேயுள்ள சாம்பல்நிறத் தட்டம் இரவில் நிரம்பி வழிந்து, காலையில் சமையலறைச் சீமெந்துத் தரையில் கால் வைத்தால் வழுக்குகிறது. முழங்கால் வருத்தமுள்ள வயோதிபர் நடமாடும் வீட்டில் இது என்ன ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை. உறைபெட்டியின் உள்ளே ஐஸ் தயாரிக்கும் தட்டிலும் இதே கசிவு. முதலில் ஐஸ் கட்டிகள் உள்ளே வெறுமையாய், கோது மட்டும் உறைந்தவையாக விழுந்தன, பின்னர் கசிந்த நீர் தட்டு முழுவதையும் ஒரே பாளமாக உறையச் செய்து, ஐஸ் இறங்கும் வழியையும் அடைத்துவிட்டது. அந்தப் பாளத்தை உடைக்க முடியாமல் பெட்டியை நிறுத்தி இளகவிட்டபோது, உள்ளே வைத்திருந்த மீன் முழுவதையும் அன்றே சமைக்க வேண்டியதாயிற்று.

நேரடிக் குழாய் இணைப்புப் பற்றியும் தங்கள் கடிதத்தில் யோசனை கூறப்பட்டுள்ளது. வீட்டின் குழாயமைப்பு முழுவதும் தாங்கியிலிருந்து இறங்குவதாகவே கட்டப்பட்டிருக்கிறது. வீதிக் குழாயிலிருந்து சமையலறைக்குத் தனிக் குழாய் கொண்டுவர வேண்டுமென்றால் சுவரையும் தரையையும் உடைக்க வேண்டும். அதற்குப் பதிலாக அழுத்தமேற்றும் சிறு பம்பி ஒன்றை எங்கள் செலவில் பொருத்துமாறு மற்றொரு யோசனை. பம்பிக்கும் மின்சாரம் வேண்டும், பராமரிப்பு வேண்டும். தவிரவும், வெளியிலிருந்து பொருத்தப்படும் உபகரணத்தால் வால்வுக்குச் சேதம் ஏற்பட்டால் உத்தரவாதம் செல்லாது என்று அதே உத்தரவாத அட்டையில் உள்ளது. அதாவது பம்பி இல்லையென்றால் பெட்டி இயங்காது, பம்பி வைத்தால் பெட்டிக்குப் பொறுப்பில்லை. இதை யோசனை என்று எப்படிக் கொள்வது?

மேலே விட்ட வடிகட்டி விடயத்துக்கு வருகிறேன். இப்பெட்டியில் உள்ளது செயலூட்டிய கரி வடிகட்டி. குழாய்நீரிலுள்ள குளோரின் வாடையையும் சுவையையும் அது குறைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டும். நீரின் உவர்ப்பையோ கடினத்தன்மையையோ அது நீக்காது. நுண்ணுயிர்ப் பாதுகாப்பு உறுதியற்ற நீரை, வேறு வகையில் கிருமிநீக்கம் செய்யாமல், இதனூடாகச் செலுத்த வேண்டாம் என்று கைநூலே எச்சரிக்கிறது. கல்லடி, வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் மணல் நிலம். எங்கள் கிணற்று நீர் மாரியில் ஒரு சுவை, கோடையில் ஒரு சவர். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிறது. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து அனுப்புகிறது என்றாலும், எங்கள் தாங்கியில் அதனுடன் கிணற்று நீரும் கலக்கிறது என்பதை நான் காட்சியறையிலேயே சொன்னேன். அப்படியிருந்தும் கொதிக்க வைக்கத் தேவையில்லை என்று ஒரு விற்பனை உத்தியோகத்தர் சொல்வது, தங்கள் நிறுவனத்தின் கைநூலுக்கே முரணானது. நாங்கள் அதை நம்பாமல் தொடர்ந்தும் கொதிக்க வைத்தே குடிக்கிறோம். ஆகவே இன்று எங்கள் வீட்டில், குளிர்ந்த நீர் தருவதற்காக வாங்கிய பெட்டிக்குள், கொதித்தாறிய நீர் போத்தல்களில் இருக்கிறது. அதை எடுப்பதற்குக் கதவைத் திறக்கிறோம்.

இதனால்தான் முதலாவது வகையே எங்களுக்கு உரியது என்று சொல்கிறேன். கொதித்தாறிய நீரை அதன் கலத்தில் ஊற்றினால் போதும். தாங்கியின் உயரம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. மின்சாரம் நின்றாலும் நெம்பை அழுத்த நீர் வரும், நான் வாங்கியதிலோ மின்சாரமில்லாவிட்டால் வால்வு திறக்காது. அதற்கும் குறைகள் இல்லாமலில்லை: கலம் கதவுத் தட்டுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், கிழமைக்கொரு தரமாவது கழுவ வேண்டும், ஊற்றிய நீர் குளிரச் சிறிது நேரம் எடுக்கும். இவற்றை ஏற்றுக்கொள்ள நாங்கள் தயார். பக்கம்பக்கமான பெட்டியின் உறைபெட்டி ஒடுக்கமானது. அதிலும் ஐஸ் தயாரிப்பான் மேல்தட்டை விழுங்கிவிடுவதால், ஒரு நடுத்தரப் பாரை மீனைத் தலையோடு வைக்க வழியில்லை. மட்டக்களப்பில் குளிர்சாதனப் பெட்டி விற்பவர்கள் மீனின் நீளத்தையும் தயிர்ச் சட்டியின் வாயகலத்தையும் அறிந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

சட்ட நிலையையும் சுருக்கமாகக் குறிப்பிட விரும்புகிறேன். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, வாங்குபவர் தமது தேவையை விற்பவருக்குத் தெரிவித்து, அவரது திறமையையும் மதிப்பீட்டையும் நம்பி வாங்கும்போது, அப்பொருள் அத்தேவைக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் உட்கிடையான நிபந்தனை. நான் தேவையைத் தெரிவித்தேன். நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிவித்தேன். தங்கள் உத்தியோகத்தரே வகையைத் தெரிந்து தந்தார். நிறுவல் சூழலால் ஏற்பட்ட குறை என்று தங்கள் பிரிவு எழுதியிருப்பது, இந்த நிலையில் எனக்கு எதிரான வாதம் ஆகாது, எனக்குச் சாதகமான சான்றே ஆகும்.

ஆகவே, தற்போதுள்ள பெட்டியைத் தங்கள் செலவில் மீளப் பெற்று, நீர்க்கலம் கொண்ட, உறைபெட்டி மேலே அமைந்த புதிய பெட்டியை வழங்குமாறும், இரண்டுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைத் திருப்பிச் செலுத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். எஞ்சியுள்ள தவணைகள் புதிய விலைக்கேற்பத் திருத்தப்பட வேண்டும். பம்பி பொருத்தித் தருகிறோம் என்ற மாற்று யோசனையை, அது இலவசமாயினும், நான் ஏற்கப்போவதில்லை. கொதிக்காத நீரை அதிக வேகத்தில் பெறுவதால் எங்களுக்குப் பயனில்லை. அத்துடன், குழாய் இணைப்பும் குறைந்தபட்ச அழுத்தமும் தேவைப்படும் பெட்டிகளின் விலைச்சீட்டில் அவ்விபரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டும்படி தங்கள் கிழக்கு மாகாணக் காட்சியறைகளுக்குப் பணிக்க வேண்டும். ஒற்றை மாடி வீடும் தூண்மேல் தாங்கியும்தான் இங்கு வழமை. எனக்கு நேர்ந்தது அடுத்த வாடிக்கையாளருக்கும் நேராதிருக்க ஒரு வரி போதும்.

இக்கடிதம் கிடைத்த இரு வாரங்களுக்குள் எழுத்தில் பதில் கிடைக்காவிடின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் மட்டக்களப்பு மாவட்ட அலுவலகத்தில் இதனை முறைப்பாடாகப் பதிவு செய்வேன். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, தங்கள் சேவைப் பிரிவின் கடிதம், கைநூலில் அழுத்தமும் வடிகட்டியும் குறிக்கப்பட்ட பக்கங்கள் ஆகியவற்றின் பிரதிகளையும், தரையில் தேங்கிய நீரினதும் உறைந்த ஐஸ் தட்டினதும் புகைப்படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

பெட்டியை எடுத்துச் செல்ல வருபவர்கள் அதன் கதவுகளைக் கழற்றுவதற்கான கருவிகளுடன் வருமாறு அறிவுறுத்தவும். கொண்டுவந்து வைத்த அன்று அவர்களிடம் கருவி இல்லாததால், எங்கள் சமையலறைக் கதவையே நிலையிலிருந்து கழற்ற வேண்டியிருந்தது. அதன் பிணைச்சல் இன்னும் சரிவரப் பொருந்தவில்லை.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
இணைக்கப்பட்ட பற்றுச்சீட்டில் பெயர் குறிக்கப்பட்டுள்ள வாடிக்கையாளர்.

பிரதி: முகாமையாளர், மட்டக்களப்புக் காட்சியறை.