விடுபட்ட பெயர்: எட்மண்ட் பிளண்டன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

முதல் உலகப் போர்க் கவிஞர்கள் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரை வில்ஃபிரட் ஓவனை நன்றாகவே அறிமுகம் செய்தது. ஆனால் அவருடைய எதுகைகள் 'சரியாகப் பொருந்தாதவை' என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. அது குறையல்ல, தெரிந்தே செய்தது. மெய்யெழுத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு நடுவிலிருக்கும் உயிரை மட்டும் மாற்றுவார்: ஹால்–ஹெல், எஸ்கேப்ட்–ஸ்கூப்ட். தமிழில் கல்–கோல் என்று வைத்துக்கொள்ளலாம். முதலெழுத்தின் அளவு ஒக்காததால் நம் யாப்பில் இது எதுகை ஆகாது. ஓவனுக்கு வேண்டியதே அந்த ஒவ்வாமைதான். ஒலி சேரும் என்று காத்திருக்கும் காது ஒவ்வொரு முறையும் ஏமாறும். இந்த முறைக்குப் 'பாராரைம்' என்று பெயர் வைத்தவர், அதே போரில் போரிட்ட இன்னொரு ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் பிளண்டன். முழுப்பக்கக் கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

போர் முடிய ஒரு வாரம் இருக்கையில், 1918 நவம்பர் 4 அன்று ஓவன் இறந்தார். அவர் விட்டுப்போனவை பெரும்பாலும் கையெழுத்துத் தாள்கள். ஒரே கவிதைக்குப் பல வரைவுகள். பலவற்றில் தேதி கிடையாது. ஒரு சொல்லுக்கு மேல் இன்னொரு சொல், இரண்டையும் அடிக்காமல். எதை எடுப்பது? ஓவனின் நண்பரும் போர்க் கவிஞருமான சிக்ஃபிரிட் சசூன் 1920இல் ஒரு சிறு தொகுப்பைக் கொண்டுவந்தார். பிளண்டன் 1931இல் அதை விரிவாக்கி, வாழ்க்கைக் குறிப்பும் எழுதி, பாடவேறுபாடுகளையும் (வரைவுக்கு வரைவு மாறும் சொற்களையும்) குறிப்புகளில் கொடுத்தார். ஏட்டுச்சுவடியில் பாடம் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் பாரம் புரியும்.

பாரம் சுமப்பது அவருக்குப் புதிதல்ல. 1916இல், 19 வயதில், ராயல் சசெக்ஸ் ரெஜிமெண்டின் 11ஆம் பட்டாலியனில் அதிகாரியாகப் பிரான்ஸ் போனார். மிலிட்டரி கிராஸ் பதக்கம் கிடைத்தது, கடும் குண்டுவீச்சில் சுமை தூக்கும் சிப்பாய்க் குழு ஒன்றை நடத்திச் சென்றதற்காக. யாரையும் சுட்டதற்காக அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வேலை இரவில்தான். குடிநீர் 2 காலன் பெட்ரோல் டின்களில் போகும், அதாவது டின்னுக்குச் சுமார் 9 லிட்டர். சரியாகக் கழுவாத டின் என்றால் தேநீரிலும் பெட்ரோல் நாறும். மில்ஸ் கையெறிகுண்டுகள் பெட்டிக்கு 12. முள்கம்பி நட இரும்புத் திருகுமுளைகள். சம்மட்டியால் அடித்தால் சத்தம் எதிரிக்குக் கேட்கும் என்பதால் திருகித்தான் இறக்குவார்கள். குறுகிய பதுங்குகுழியில் ஒற்றை வரிசை. முன்னால் போகிறவர் வேகம் பிடித்தால் கடைசி ஆள் அறுந்துபோவார். ஒரு நடைபலகை உடைந்திருந்தால் சுமையோடு சேற்றில் விழுவார். வரிசையின் வேகம் எப்போதும் மிக மெதுவான ஆளின் வேகம்தான். இதை நன்றாகப் படித்த அதிகாரி பிறகு ஆசிரியரானதில் எங்களுக்கு வியப்பில்லை.

பிரான்சின் சொம், பிறகு பெல்ஜியத்தின் ஈப்ர், பாஷென்டேல் போர்முனைகள். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்வரிசையில் இருந்து உயிரோடு திரும்பினார். அவர் முதலில் நின்ற, பிரான்சின் ஃபெஸ்டுபெர் வட்டாரம் 1915இல் இந்தியப் படையினர் மாண்ட மண் என்பதை நம் வாசகர்கள் நினைவில் வைக்கலாம்; அருகில் நியூவ் ஷாப்பெலில்தான் அவர்களுடைய நினைவிடம் இருக்கிறது.

1924இல் தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். 1923 நிலநடுக்கத்தில் சிதைந்த நகரம் அது. அங்கே, கையில் இரண்டு போர் வரைபடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, நினைவிலிருந்து எழுதியதுதான் 1928இல் வெளிவந்த 'அண்டர்டோன்ஸ் ஆஃப் வார்' என்ற போர் நினைவு நூல். இடப்பெயர்களும் பதுங்குகுழிப் பெயர்களும் அதில் அவ்வளவு துல்லியமாக வருகின்றன. சீற்றத்தை எதிர்பார்த்துத் திறப்பவர்கள் ஏமாறுவார்கள். குரல் கடைசிவரை தாழ்ந்தே ஒலிக்கும். எங்கள் பார்வையில் சசூனின் ஏளனத்தைவிட இதுதான் நெடுநாள் உறுத்துகிறது.

1931 முதல் 1944 வரை ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரி. அங்கே அவருடைய மாணவர், இரண்டாம் உலகப் போரின் கவிஞர் கீத் டக்ளஸ். மாணவனின் கவிதைகளைக் கவிஞரும் பதிப்பாளருமான டி.எஸ். எலியட் பார்வைக்கு அனுப்பியவர் பிளண்டனே. டக்ளஸ் வட ஆப்பிரிக்காவில் டாங்கிப் படையில் போரிட்டு, 1944 ஜூன் 9 அன்று நார்மண்டியில், 24 வயதில் இறந்தார். 1966இல் அவருடைய தொகுப்புக்கு முன்னுரை எழுதும் நிலை ஆசிரியருக்கே வந்தது. இடையில், 1954இல், மனநல மருத்துவமனையில் 15 ஆண்டு கிடந்து மறைந்த படைவீரர் ஐவர் கர்னியின் கவிதைகளையும் தேர்ந்தெடுத்து வெளியிட்டார். கிப்ளிங் இறந்தபின் போர்க்கல்லறை ஆணையத்தின் இலக்கிய ஆலோசகர் பொறுப்பு, 1953 முதல் 1964 வரை ஹாங்காங் பல்கலைக்கழகம், 1966இல் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவலோடு போட்டியிட்டு வென்ற ஆக்ஸ்போர்டு கவிதைப் பேராசிரியர் பதவி என்று பட்டியல் நீளும். அந்தக் கடைசிப் பதவியை உடல்நலம் குன்றி 1968இல் விட்டுவிட்டார்.

1974 ஜனவரியில் சஃபோக்கின் லாங் மெல்ஃபோர்டில் அவரை அடக்கம் செய்தபோது, ஈப்ரிலும் பாஷென்டேலிலும் அவருக்குச் செய்தி சுமந்து ஓடிய பழைய சிப்பாய் ஒருவர் வந்து ஃபிளாண்டர்ஸ் பாப்பி மலர்வளையம் வைத்தார்.

கட்டுரை நூலாகும்போது எதுகை பற்றிய அந்த வரியைத் திருத்தி, இவர் பெயரையும் சேர்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் சிலர்,
மதுரை