அட்டைப் படகுச் சம்மாட்டிமாருக்கு: நாலாவது சிலிண்டரை ஏற்றாதீர்கள்

மன்னார் தொடக்கம் முல்லைத்தீவு, திருகோணமலை வரை சிலிண்டர் கட்டிக் கடலட்டையும் சங்கும் எடுப்பிக்கும் படகு முதலாளிகளான சம்மாட்டிமாருக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும்,

வணக்கம். சுழியோடப் பழக்குவதும் சிலிண்டர் நிரப்புவதும் எங்கள் வேலை. ஆகவே கணக்கோடு பேசுகிறோம்.

11 லீற்றர் அலுமினியச் சிலிண்டரை 200 பார் அமுக்கத்துக்கு நிரப்பினால் 2200 லீற்றர் காற்று. 20 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. மேலே நிமிடத்துக்கு 25 லீற்றர் இழுக்கிறவர் அங்கே 75 லீற்றர் இழுப்பார். அரை மணித்தியாலத்துக்குள் சிலிண்டர் வெறுமை. அந்த ஆழத்தில் இடையில் தரிக்காமல் மேலே வரக்கூடிய எல்லை ஏறத்தாழ 45 நிமிடம். அதனால் முதல் சிலிண்டரில் அநேகமாக ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. ஆளை ஏமாற்றுவதே இதுதான். பத்து நிமிடம் படகில் இருந்து ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு அடுத்ததைக் கட்டும்போது, முதல் முறை அமுக்கத்தில் காற்றிலிருந்து உடம்பில் ஏறிய நைதரசனில் பெரும்பகுதி இறங்கியிருக்காது. அது வெளியேற மணிக்கணக்காகும். கூடுதலாகத் தேங்கினால் மேலே வரும்போது உடம்புக்குள் குமிழியாகும். நாலாவது சிலிண்டர் முடியும்போது அந்த உடம்பு அடியில் இரண்டு மணித்தியாலம் கிடந்த உடம்பு. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் அவராக நிறுத்தமாட்டார். நிறுத்த வேண்டியது நீங்கள். 20 மீற்றரில் நாளுக்கு இரண்டு, இடையில் இரண்டு மணித்தியாலமாவது ஓய்வு. அதற்கு மேல் ஆழமென்றால் இன்னும் குறைவு: 30 மீற்றரில் எல்லை 20 நிமிடந்தான்.

மேலே வருவதற்கும் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீற்றரில் 3 நிமிடம் கயிற்றைப் பிடித்து நிற்க ஏறத்தாழ 20 பார் செலவாகும். சிலிண்டரின் அமுக்கமானி 50 பார் காட்டும்போது கிளம்பச் சொல்வது இதற்காகத்தான். மானியே இல்லாத ரெகுலேட்டரை (வாயில் வைத்துச் சுவாசிக்கும் கருவி) கொடுத்துவிட்டு “காற்று இறுகினால் வா” என்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்து வருகிறவரின் நுரையீரல் கிழிய இரண்டு மீற்றர் ஆழமே போதும்.

மேலே வந்தபின் தோள்மூட்டு வலி, கால் விறைப்பு, சலம் போகாமை என்று ஏதாவது தொடங்கினால் “திரும்ப இறங்கு, சரியாகும்” என்பது வாடிகளில் உள்ள வைத்தியம். இறங்கினால் வலி போவது உண்மை. அமுக்கத்தில் குமிழி சுருங்குகிறது, அவ்வளவுதான். அங்கே அவர் சுவாசிப்பதும் அதே காற்று, அதே நைதரசன். ஏறும்போது முன்னையதை விட மோசமாக வரும். தோளில் இருந்தது முள்ளந்தண்டுக்குப் போகலாம்.

செய்ய வேண்டியது வேறு. ஆளை நீட்டிப் படுக்கவையுங்கள். பை வைத்த முகமூடியால் நிமிடத்துக்கு 15 லீற்றர் ஒட்சிசன் கொடுங்கள். 10 லீற்றர் ஒட்சிசன் சிலிண்டர் 150 பாரில் 100 நிமிடம் தாங்கும். கரைக்கு வர அது போதாத இடத்தில் இரண்டு ஏற்றுங்கள். வலி குறைந்தாலும் கழற்றவேண்டாம். நினைவு இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம், சாராயம் கூடாது. கரை சேருமுன்பே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். ஆழம், சிலிண்டர் எண்ணிக்கை, கடைசியாக ஏறிய நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவருடன் அனுப்புங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாத படகு என்ற பயத்தில் “மூட்டை தூக்கினவர், நாரி பிடித்துவிட்டது” என்று சொன்னால் வைத்தியர் நாரிக்குத்தான் மருந்து தருவார். அவருக்குத் தேவைப்படுவது அமுக்க அறை: 18 மீற்றர் ஆழத்துக்குச் சமமான அமுக்கத்தில் ஒட்சிசன், ஒரு சுற்றே ஐந்து மணித்தியாலத்துக்குக் கிட்ட. நாள் கடந்தால் பலன் குறையும்.

கொம்பிரசரையும் ஒருமுறை பாருங்கள். பெற்றோல் எஞ்சினின் புகைக்குழாயும் காற்று இழுக்கும் வாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், காற்று திரும்பும்போது புகையிலுள்ள நச்சு வாயுவான காபனோரொட்சைட்டும் சிலிண்டருக்குள் போகும். அதற்கு மணம் இல்லை. மேலே தலையிடி மட்டும் தரும் அளவு, 20 மீற்றரில் மூன்று மடங்கு வேலை செய்யும். உறிஞ்சு குழாயை நீட்டி, காற்று வரும் பக்கம், ஆள் உயரத்துக்கு மேலே கட்டுங்கள். வடிகட்டியை ஓடிய மணித்தியாலக் கணக்குப்படி மாற்றுங்கள். கறுக்கும் வரை பார்த்திருந்தால் பிந்திவிடும்.

இப்படிக்கு,
சுழியோடப் பழக்குவோரும் காற்று நிரப்புவோரும்