தெர்மாகோல் பூமி வேண்டாம், மழைக் கணக்கு கேளுங்கள்

சென்னைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பசுமைப் படைப் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். மடிப்பாக்கத்தில் பதினாறு வருடமாக ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் செய்யும் சுற்றுச்சூழல் ப்ராஜெக்ட்டுக்கான சாமான் என் கடையிலிருந்தும் என்னைப் போன்றவர்களின் கடையிலிருந்தும்தான் போகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ப்ராஜெக்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு என் கடை வாசலில் நின்று பாருங்கள். ஆபீஸிலிருந்து நேரே வந்த ஓர் அம்மா, தோள் பையைக்கூட இறக்காமல், "அக்கா, நாளைக்குக் காலையில குடுக்கணுமாம். தெர்மாகோல் ரெண்டு, பச்சை கிளிட்டர், குளோபல் வார்மிங் படம் ஒரு செட்" என்பார். பக்கத்தில் பிள்ளை தூங்கி விழும். நான் நெட்டில் தேடி கலர் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன். பனிக்கரடி, உருகும் பனிப்பாறை, பாளம் பாளமாக வெடித்த நிலம். வீட்டுக்குப் போய் வெட்டி ஒட்டுவது பெரியவர்கள். மறுநாள் தூக்கிக்கொண்டு போவது மட்டும் பிள்ளை.

கண்காட்சி முடிந்து ஒரு வாரம் ஆனதும் அவையெல்லாம் குப்பைத் தொட்டியோரம் சாய்ந்து கிடக்கும். போன வருடம் அப்படிக் கிடந்த ஒன்று பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நீலப் பெயிண்ட் அடித்த தெர்மாகோலில் குண்டூசி குத்தி நிறுத்திய நாரைகள், மேலே 'என்னைக் காப்பாற்றுங்கள்' என்று ஒரு பலகை. வண்டிக்காரர் அள்ளும்போது அது உடைந்து, வெள்ளை மணி மணியாகத் தெரு முழுக்கப் பறந்தது. எங்கள் பக்கத்துக் குப்பை வருடக்கணக்காகக் கொட்டப்பட்ட பெருங்குடிக் கிடங்கு இருப்பதே அந்தச் சதுப்பு நிலத்தில்தான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த நிலம் அது. மாடல் செய்த பிள்ளையின் வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பார்த்திருக்கலாம். யாரும் கூட்டிப் போகவில்லை.

சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பள்ளிகளுக்குத் தேசியப் பசுமைப் படை என்ற சுற்றுச்சூழல் மன்றம் வந்தும் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் கேட்பது புதிதாக ஒரு திட்டம் இல்லை. ஒரு பையனைப் பற்றிச் சொன்னால் நான் கேட்பது புரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் என் கடைக்குள் தண்ணீர் புகுந்தது. சார்ட் கட்டும் நோட்டு பண்டலும் ஊறிப்போயின. தண்ணீர் வடிந்தபின் சுவரில் பழுப்பாக ஒரு கோடு நின்றுவிட்டது. அடுத்த வருடம், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "ஆன்ட்டி, இஞ்ச் டேப் இருக்கா? ப்ராஜெக்ட்டுக்கு" என்றான். வாங்கிய கையோடு என் சுவரையே அளந்தான். கடைத் தரையிலிருந்து அளக்கவில்லை. ரோட்டு மட்டத்திலிருந்து அளந்தான். ஏன் என்று கேட்டேன். "எல்லா வீட்டுத் தரையும் ஒரே உயரம் இல்லையே ஆன்ட்டி." 31 அங்குலம். பிறகு எங்கள் தெருவில் பதினான்கு வீடு ஏறி இறங்கினான். கோடு அழிந்த வீடுகளில் பெரியவர்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டான்.

கடைசியில் நோட்டில் தெருவைப் படமாகப் போட்டு, ஒவ்வொரு வீட்டின் மேலும் அங்குலக் கணக்கை எழுதிக் கொண்டுவந்து காட்டினான். தேங்கிய தண்ணீரின் மேல்மட்டம் தெரு முழுக்க ஒன்றுதான். அதனால் ஆழம் கூடின இடம் பள்ளம், குறைந்த இடம் மேடு. நடுத்தெருவில் 31, தெருக்கோடியில் 19. மழைநீர் வடிகாலின் வாய் இருப்பதோ அந்தக் கோடியில். பதினாறு வருடமாக அந்தத் தெருவில் உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் ஏன் வடிகாலுக்குப் போகாமல் என் கடைக்கு வருகிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவனுக்குப் பத்துக்கு ஐந்து மதிப்பெண். 'மாடல் இல்லை' என்று சிவப்பு மையில் குறிப்பு. அவன் எந்தப் பள்ளி என்று நான் எழுதப் போவதில்லை. ஆனால் அந்த நோட்டை அவன் என்னிடம் நீட்டியபோது இருந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த வடகிழக்குப் பருவமழைக்கு அப்படிப்பட்ட நோட்டைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தினமும் மழை அளக்கச் சொல்லுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பா, மரமோ சுவரோ மறைக்காத இடம், ஒரு ஸ்கேல், இவ்வளவு போதும். வானிலைத் துறை தினசரி மழைக் கணக்கை முடிப்பது காலை 8.30-க்கு, பள்ளி தொடங்குகிற நேரம்தான். நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் எவ்வளவு பெய்தது என்று செய்தியில் வந்துவிடும். உங்கள் பள்ளி மைதானத்தில் எவ்வளவு பெய்தது என்று உங்கள் பிள்ளைகள்தான் சொல்ல முடியும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 5,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 465 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டினால் அந்த மாடியில் மட்டும் 46,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி கிட்டத்தட்ட நான்கு. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. மாடிக் குழாய் மழைநீர்த் தொட்டிக்குப் போகிறதா, தெருவுக்குப் போகிறதா என்று பிள்ளைகளே தேடிப் பார்க்கட்டும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம்தான், ஆனால் எத்தனை தொட்டி மண் மூடிக் கிடக்கிறது என்பது திறந்து பார்த்தால்தானே தெரியும்?

பிள்ளைகள் எடுக்கும் கணக்கை யார் மதிப்பார்கள் என்று கேட்காதீர்கள். மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பு 1988-லிருந்து இதே ஊரில் இருக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் மணலில் நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள், ஆமைகளை எண்ணுகிறார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இப்படிக் கடற்கரையில் நடந்து எண்ணுகிறவர்களின் கணக்கும் அது வெளியே தெரிய உதவியது.

இன்னும் ஒன்று. அந்த நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போடாதீர்கள். லேபில் ஓர் அலமாரி ஒதுக்கி, அடுத்த வருடம் வரும் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஐந்து வருடம் சேர்ந்தால் உங்கள் வட்டாரத்தைப் பற்றி வேறு எங்கும் கிடைக்காத கணக்கு அதில் இருக்கும். வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் பகுதி சபைக் கூட்டத்துக்கு இரண்டு பிள்ளைகளை நோட்டோடு அனுப்பினால், கவுன்சிலரும் வார்டு பொறியாளரும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வருகிற கல்வியாண்டிலிருந்து என் கடையில் தெர்மாகோல் விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த இடத்தில் ஸ்கேலும் இஞ்ச் டேப்பும் கட்டம் போட்ட நோட்டும் வைக்கப் போகிறேன். சுவரில் அந்தக் கோட்டுக்கு மேல் பெயிண்ட் அடிக்கவில்லை. அளந்து பார்க்கப் பிள்ளைகளை அனுப்புங்கள், காலை எட்டு மணிக்குக் கடை திறந்திருக்கும்.

அன்புடன்,
மடிப்பாக்கம் ஸ்டேஷனரி கடைக்காரம்மா